உடம்பில் தாழ்ந்த அணு இல்லை

(வெள்ளி விழாவையொட்டித் தென்காசியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெள்ளி விழா என்றால் சங்கத்தின் வரலாற்றைப் பேசுவது மரபு. அதனைப் பேசும் உரிமையுடைய மூத்தவர்கள் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆதலால் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். உயிரணுக்கள் எவ்வாறு வெவ்வேறு தொழிலுக்கு உரியனவாக மாறுகின்றன, உடம்பு எவ்வாறு வளர்கிறது, நரம்புகள் எவ்வாறு செய்தி கொண்டு செல்கின்றன என்பதே அப்பொருள். நாம் பெற்ற பட்டம் பி.ஏ., பி.எட். நாம் வகுப்பில் கற்பித்தது பெரும்பாலும் வரலாறு. வரலாற்று ஆசிரியர்க்கு உயிரியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் மக்களைத் தாழ்த்துவதற்கு இந்நாட்டில் நெடுங்காலமாகக் கையாளப்பட்ட உவமை உடம்பு என்னும் உவமையே ஆகும்.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள புருட சூக்தம், பெரும் புருடன் ஒருவனின் வாயினின்று ஒரு வருணமும், தோள்களினின்று ஒரு வருணமும், தொடைகளினின்று ஒரு வருணமும், பாதங்களினின்று ஒரு வருணமும் தோன்றியதாகக் கூறுகிறது. நாற்பிரிவுக்கும் வெளியே நிறுத்தப்பட்ட நம் முன்னோர்க்கு அவ்வுடம்பில் பாதத்தின் இடங்கூட இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1946இல் வெளியிட்ட 'சூத்திரர் யார்?' என்னும் நூலில் இப்பாடலை விரிவாக ஆராய்ந்தார். அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில், வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வது ஒன்று, வேலை செய்யும் மக்களையே மேல்கீழாக அடுக்கி அடைத்து வைப்பது வேறொன்று என்னும் வேறுபாட்டை நிலைநாட்டியிருந்தார்.

இன்றும் திண்ணைப் பேச்சில், "தலை தலைதான், கால் கால்தான், உடம்பிலேயே உயர்வு தாழ்வு இருக்கிறதே" என்று கூறுவோரை நாம் காண்கிறோம். அவர்கள் சாட்சிக்கு அழைப்பது உடம்பை. அந்தச் சாட்சியை நாமும் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

குளத்துப் பாசி

உயிர்களுள் பலவற்றிற்கு ஒரே அணுதான் உடம்பு. அமீபா தானே உண்டு, தானே நகர்ந்து, தானே இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. அவ்வாறிருக்கப் பல அணுக்கள் ஒன்றுகூடி வாழ வேண்டிய தேவை எவ்வாறு வந்தது?

ஓரணு தன் விருப்பம் போலப் பெரிதாகிவிட முடியாது. அதன் நீள அகல உயரங்கள் இரு மடங்கானால், மேற்பரப்பு நான்கு மடங்காகும்; கனஅளவோ எட்டு மடங்காகும். உணவும் உயிர்வளியும் மேற்பரப்பின் வழியாகவே உள்ளே புக வேண்டும். வயிறு எட்டு மடங்கு, வாயில் நான்கு மடங்கு என்றால் பட்டினிதான் மிஞ்சும். ஆகவே பெரிய உடம்பு வேண்டுமானால், சிறிய அணுக்கள் பல சேர வேண்டும். சேர்ந்த பின், உள்ளே இருக்கும் அணுவிற்கு உணவு கொண்டு சேர்க்கவும், கழிவை அகற்றவும், வெளியே நிகழ்வதை உள்ளே அறிவிக்கவும் தனித்தனி ஏற்பாடுகள் வேண்டும்.

இவ்வேலைப் பங்கீட்டின் எளிய நிலையை நன்னீர்க் குளங்களில் வாழும் வால்வாக்ஸ் என்னும் பச்சைப் பாசியிடம் காணலாம். கடுகினும் சிறிய பச்சை உருண்டை அது. வெளிப்புறத்திலுள்ள எண்ணற்ற அணுக்கள் நுண்ணிய சாட்டைகளால் நீரைத் தள்ளி உருண்டையை நகர்த்துகின்றன. வேறு சில அணுக்கள் மட்டும் பெரியனவாகி அடுத்த தலைமுறையை ஈனுகின்றன. துடுப்புப் போடுவோர் பலர், பிள்ளை பெறுவோர் சிலர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம்.ஓ.பி. ஐயங்கார் இத்தகைய குழுவாழ் பாசிகளைத் தென்னிந்திய நீர்நிலைகளில் தேடித் தொகுத்து, 1933இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். உலக அறிவியலுக்குச் செய்தி தந்தவை நம் ஊர்களில் உள்ளவை போன்ற குளங்களே என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

எல்லா அணுவிலும் முழு ஏடு

மனிதன் தொடங்குவதும் ஓரணுவாகவே. தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் கூடிப் பிறந்த அவ்வோரணு இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகுகிறது. வளர்ந்த மனித உடம்பில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி அணுக்கள் உள்ளன என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. இரத்தச் சிவப்பணு தட்டையாக நடுவில் குழிந்து, உயிர்வளியைச் சுமந்து செல்கிறது. தசையணு நீண்டு சுருங்குகிறது. நரம்பணுவோ முதுகுத் தண்டின் அடிப்பகுதியில் உடலை வைத்துக்கொண்டு, கால் விரல் வரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்திற்கு ஒரே இழையாகக் கையை நீட்டுகிறது.

இவ்வளவு வேறுபட்ட அணுக்களுக்குள் எழுதியிருப்பது என்ன? இங்கேதான் உடம்பு தன் முதற்சாட்சியைச் சொல்கிறது. ஒவ்வோர் அணுவின் உட்கருவிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றிலுள்ள டி.என்.ஏ. இழையை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். அதில் புரதங்களுக்கு உரிய மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 20,000. மூளையின் அணுவிற்கு ஓர் ஏடு, உள்ளங்காலின் அணுவிற்கு வேறோர் ஏடு என்று இயற்கை எழுதவில்லை. இருவர் கையிலும் உள்ளது ஒரே ஏடு. முதிர்ந்த சிவப்பணு தன் உட்கருவையே இழந்துவிடுகிறது. இனப்பெருக்க அணுக்களில் பாதித் தொகுதியே இருக்கிறது. இவை போன்ற சில விலக்குகளை நீக்கினால் விதி இதுதான்.

அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்பதிலிருந்து வருகிறது. இன்சுலின் செய்யும் முறை உங்கள் உள்ளங்கால் அணுவிலும் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே அப்பக்கம் மூடியிருக்கிறது. கணையத்தின் சில அணுக்களில் திறந்திருக்கிறது. அவ்வளவே.

இது வெறும் கருத்தன்று. செய்து காட்டப்பட்ட உண்மை. 1962இல் இங்கிலாந்தில் ஜான் கர்டன் என்பவர், தவளையின் தலைப்பிரட்டையில் குடல் அணு ஒன்றின் உட்கருவை எடுத்து, உட்கரு செயலிழந்த முட்டைக்குள் வைத்தார். அதிலிருந்து இயல்பான தலைப்பிரட்டை வளர்ந்தது. குடலில் வேலை செய்துகொண்டிருந்த உட்கருவிற்குள் கண்ணும் காலும் மூளையும் செய்யும் அறிவு அழியாமல் இருந்தது. 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா என்னும் பெண்மணியும் சதீஷ் மகேசுவரியும், நம் ஊர்ப் புறம்போக்குகளில் மண்டிக் கிடக்கும் ஊமத்தையின் இனத்துச் செடி ஒன்றின் மகரந்தப் பையைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்தபோது, மகரந்தத் தூளிலிருந்து கருக்கள் எழுந்து செடிகளாயின. பாதித் தொகுதியைக் கொண்ட மகரந்தமே ஒரு முழுச் செடிக்குப் போதுமாயிற்று. 2006இல் ஜப்பான் நாட்டின் ஷின்யா யமனாக்கா, சுண்டெலியின் தோல் அணுக்களில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றை எந்த உறுப்பாகவும் மாறத்தக்க இளநிலைக்குத் திருப்பினார். கர்டனுக்கும் யமனாக்காவுக்கும் 2012இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்னும் ஒரு செய்தி உண்டு. கருவின் மூன்றாம் வாரத்தில் அணுக்கள் புற அடுக்கு, இடை அடுக்கு, அக அடுக்கு என மூன்றாகின்றன. புற அடுக்கின் நடுப்பகுதி மடிந்து குழாயாகி மூளையும் தண்டுவடமும் ஆகிறது. அதே புற அடுக்கின் எஞ்சிய பகுதி தோலின் மேற்புறமாகிறது. ஆகவே தலைக்குள் இருக்கும் மூளையும், மண்ணில் பதியும் உள்ளங்காலின் மேல்தோலும் ஒரே அடுக்கில் பிறந்த உடன்பிறப்புகள். தலையையும் காலையும் பிறப்பால் பிரித்தவர்கள் கருவைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர்.

வளர்ச்சிக்கு வேளை உண்டு

எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை அணு தனியே இருந்து முடிவு செய்வதில்லை. அண்டை அணுக்கள் விடும் வேதிச் செய்திகள், அது நிற்கும் இடம், அதற்குக் கிடைக்கும் உணவு ஆகியவையே முடிவு செய்கின்றன. ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஸ்பீமன், நியூட் என்னும் நீர்வாழ் சிற்றுயிரின் கருவில் ஒரு சோதனை செய்தார். தோலாக வேண்டிய பகுதியை இளம்பருவத்தில் வெட்டியெடுத்து, மூளை உருவாகும் இடத்தில் பொருத்தினார். அது மூளையின் பகுதியாயிற்று. அதே சோதனையைச் சற்றுக் காலந்தாழ்த்திச் செய்தபோது, இடம் மாறியும் அது தோலாகவே நின்றது. இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவர் 1935இல் நோபல் பரிசு பெற்றார். இடத்தை மாற்றினால் விதி மாறும். ஆனால் உரிய வேளையில் மாற்ற வேண்டும் என்பதே இச்சோதனை தரும் பாடம்.

வளர்ச்சி என்பது பெருகுவது மட்டும் அன்று. கருவில் கை முதலில் துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கிறது. விரல்களுக்கு இடையிலுள்ள அணுக்கள் உரிய காலத்தில் தாமே மடிந்து வழிவிடுவதால்தான் ஐந்து விரல்கள் பிரிகின்றன. அண்டை அணுக்களின் சொல்லைக் கேளாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் பெருகும் அணுக்கூட்டத்தையே புற்றுநோய் என்கிறோம்.

மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் குழாய், கருவுற்ற 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. தாம் கருவுற்றிருப்பதைப் பல தாய்மார்கள் அப்பொழுது அறிந்திருப்பதே இல்லை. போலிக் அமிலம் என்னும் சத்து அவ்வேளையில் குறைந்தால் குழாய் சரியாக மூடாமல் போகக்கூடும். கீரையிலும் பயறு வகைகளிலும் அச்சத்து உண்டு. அரசு சுகாதார நிலையங்களில் மாத்திரையாகவும் தருகிறார்கள். அயோடின் குறைந்தால் தைராய்டுச் சுரப்பி தன் வேலையைச் செய்ய இயலாது. குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றும். குழந்தையின் மூளை ஆறு வயதிற்குள் முழு வளர்ச்சியின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது.

நம் தெருக்களில் ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்கினால், "அதற்கு அவ்வளவுதான் மூளை" என்று பிறர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நம்மவரே சொல்வதையும் கேட்டிருக்கிறோம். ஏட்டில் குறை இல்லை, அவையோர்களே! திறக்க வேண்டிய வேளையில் உணவு கிடைத்ததா, பேச்சு கிடைத்ததா, புத்தகம் கிடைத்ததா என்று கேளுங்கள். காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பசித்த வயிற்றுக்கு இட்ட சோறு மட்டுமல்ல. வளரும் மூளைக்கு உரிய வேளையில் சென்று சேர்ந்த செய்திகள் அவை.

அருவியில் நிற்கும்போது

இனி நரம்பிற்கு வருவோம். இதற்குப் பாடசாலை ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, குற்றாலம் போதும். ஆனி ஆடி மாதங்களில் சாரல் வீசும்போது பேரருவியின் கீழே சென்று நின்று பாருங்கள். நீர் தலையிலும் தோளிலும் விழுந்த உடனே உடம்பு சிலிர்க்கிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது, மயிர்க்கால்கள் எழுகின்றன. சிறிது நேரத்தில் அதே நீரின் குளிர் பழகிவிடுகிறது.

தோலுக்குள் அழுத்தத்தை அறியும் நுனிகள் வேறு. குளிரை அறியும் நுனிகள் வேறு. நோவை அறியும் நுனிகள் வேறு. ஒவ்வொன்றும் தான் அறிந்ததை நரம்பிழை வழியாகத் தண்டுவடத்திற்கும், அங்கிருந்து மூளைக்கும் அனுப்புகிறது. இச்செய்தி மின்கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதன்று. தீப்பற்றிய குடிசைக்கு ஊரார் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவது போன்றது. இழையின் ஓரிடத்தில் சிறு வாயில்கள் திறந்து, வெளியிலுள்ள சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன; அம்மாற்றம் அடுத்த இடத்து வாயில்களைத் திறக்கிறது; பிறகு பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலை மீள்கிறது. கொழுப்பு உறை போர்த்த பருத்த இழைகளில் செய்தி நொடிக்கு நூறு மீட்டர் அளவிற்குக்கூட விரைகிறது. உறையற்ற மெல்லிய இழைகளில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கல்லில் கால் இடித்தால், இடித்தது முதலில் தெரிந்து, ஆழ்ந்த வலி சற்றுப் பின்னர் வருவது இதனாலேயே.

ஓர் இழை முடிந்து அடுத்த அணு தொடங்கும் இடத்தில் நுண்ணிய இடைவெளி உண்டு. அங்கே செய்தி வேதிப்பொருளாகத் தாவுகிறது. 1921இல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து இதனை மெய்ப்பித்தார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி, அவ்விதயம் மூழ்கியிருந்த நீரை மற்றோர் இதயத்திற்கு மாற்றினார். நரம்பு தொடாத அவ்விதயமும் வேகம் குறைந்தது. செய்தியைச் சுமந்தது நீரில் கரைந்த ஒரு பொருள் என்பது தெளிவாயிற்று. 1936இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. உடம்பின் எடையில் அது நூற்றில் இரண்டு பங்கே. உண்பதோ உடம்பின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு. கால் நடந்து, கை உழைத்து, குடல் செரித்து, இதயம் இறைத்து அனுப்பாவிடில், சில நிமிடங்களில் மூளையின் அணுக்கள் மடியத் தொடங்கும்.

மூளையே எல்லாவற்றிற்கும் ஆணையிடுகிறது என்பதும் முழு உண்மையன்று. முள்ளின் மேல் கால் பட்டால், செய்தி மூளையை அடையும் முன்பே தண்டுவடம் காலை இழுத்துக்கொள்கிறது. அதே நொடியில் மற்றக் கால் விறைத்து நின்று உடம்பின் முழு எடையையும் தாங்குகிறது. ஒரு காலுக்கு நேர்ந்த துன்பத்திற்கு மறுகால் ஆணை கேளாமல் தோள்கொடுக்கிறது. தலைக்குச் செய்தி பின்னரே செல்கிறது.

செய்தி அறுந்தால்

செய்தி அறுந்தால் என்ன நேரும்? நம் உழவர் வீடுகளுக்கு அண்மையான எடுத்துக்காட்டு பாம்புக்கடி. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பும் தசையும் கூடும் இடைவெளியில் செய்தியை நிறுத்திவிடுகிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. தரையில் படுத்துறங்குபவரை இரவில் கடித்துவிட்டுப் போய்விடும். முதலில் கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும், பின்னர் மூச்சுத் தசைகள் அசையாமற்போகும். மூளையும் நலம், தசையும் நலம். இடையில் செய்தி இல்லை, அவ்வளவே. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டிற்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். இந்நஞ்சுக்கு மருந்து அதே நஞ்சைக் கொண்டே செய்யப்படுகிறது. அதற்கான நஞ்சை எடுத்துத் தருவதில் முன்னின்றவர்கள், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் பழங்குடி மக்கள். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். படித்தவர் தீண்டத் தயங்கிய அறிவு நாட்டின் மருந்துப் பெட்டியில் இருக்கிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு நம் தென்காசிக்கு அண்மையிலுள்ள ஆய்க்குடியில் இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் என்னும் பொறியியல் மாணவர், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்குச் சென்ற இடத்தில் விழுந்து கழுத்துப் பகுதியில் தண்டுவடம் சிதைந்தது. கழுத்திற்குக் கீழே உடம்பு இயங்கவில்லை. மூளை இருந்தது, தசை இருந்தது, நடுவில் பாதை இல்லை. கையில் வெட்டுண்ட நரம்பு மெல்ல மீண்டும் வளரக்கூடும். தண்டுவடத்தின் இழைகளோ அவ்வாறு மீள்வது அரிது. அவர் தம் ஊருக்குத் திரும்பி, 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்கு மருத்துவம் செய்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாக அப்பெயரை வைத்தார். தசைச் சிதைவு நோயுடைய கணக்காயர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். ஒருவருக்குச் செய்தி செல்லும் பாதை அறுந்தது. மற்றவருக்குச் செய்தியைப் பெறும் தசை தளர்ந்தது. இருவரும் கூடி மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளி, மருத்துவப் பயிற்சி, தொழிற்பயிற்சி என ஒரு பெரும் நிறுவனத்தை எழுப்பினர். 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்நிறுவனத்தின் பணிகளுள் ஒன்றை நாம் இங்கே தனித்துச் சொல்ல விரும்புகிறோம். வளர்ச்சி தாமதமான குழந்தைகளை மிக இளம் வயதிலேயே கண்டறிந்து, பயிற்சி தருவதை அவர்கள் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றார்கள். இளமூளையில் ஒரு பாதை பழுதுற்றாலும், பயிற்சியால் வேறு பாதைகள் வலுப்பெறக்கூடும். ஸ்பீமன் சோதனையில் கண்ட 'வேளை' இங்கும் வந்து நிற்பதைக் காணுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அவையோர்களே! கேட்டுக் கைதட்டிக் கலைந்து போவதற்கு மட்டும் இவ்வுரை பயன்பட்டால் போதாது. வீட்டிற்குக் கொண்டு செல்ல வேண்டியவை சில உள்ளன.

நம் வீட்டுப் பெண்கள் திருமணமான பின்னரே போலிக் அமில மாத்திரை பற்றிச் சுகாதார நிலையத்தில் கேட்டறிய வேண்டும். மூன்று மாதம் கழியட்டும் என்று காத்திருக்கலாகாது. குழந்தை ஒன்பது மாதத்தில் தானே உட்காரவில்லை, பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை என்றால், "போகப் போகச் சரியாகும்" என்று வீட்டிற்குள் வைத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதனை மறைக்க வேண்டிய குற்றமாகக் கருதுதல் வேண்டா.

பாம்பு கடித்தால் மந்திரிப்பவரைத் தேடிப் போக வேண்டா. கடிவாயைக் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ வேண்டா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பனையும் தென்னையும் ஏறுவோர், கிணறு வெட்டுவோர், கட்டடச் சாரத்தில் நிற்போர் நம்மில் பலர். அவர்களுள் ஒருவர் விழுந்து கழுத்தோ முதுகோ அடிபட்டிருந்தால், அன்பின் பதற்றத்தில் கைகால்களைப் பிடித்து அள்ளித் தூக்கக் கூடாது. விழுந்தபோது தப்பிய தண்டுவடம் தூக்கும்போது அறுபடக்கூடும். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு பிடித்து, பலகையில் கிடத்திக் கொண்டு செல்ல வேண்டும். குற்றாலத்துப் பாறைகளில் ஏறிக் குளத்தில் தலைகீழாகக் குதிக்கும் இளைஞர்களுக்கும் இதனைச் சொல்லி வைக்கிறோம்.

மாணவர்கள் உயிரியலை மனப்பாடப் பாடமாகக் கருதாமல் கற்க வேண்டும். செவிலியர், இயன்முறை மருத்துவர், ஆய்வுக்கூட வல்லுநர், மருத்துவர் என்னும் பணிகளில் நம் பிள்ளைகள் இன்னும் மிகுதியாகச் சேர வேண்டும். உடம்பைப் பற்றிய அறிவு நம் கையில் இருந்தால், உடம்பைக் காட்டி நம்மை எவரும் அச்சுறுத்த இயலாது.

முடிவாக ஒன்று. உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுக்கக் கூடாது என்பதும் ஆசிரியர் தொழிலில் நாம் கற்றது. சமுதாயம் உடம்பு அன்று. மனிதன் அணுவும் அல்லன். தசையணு இயல்பாகத் தன் தொழிலை விட்டு நரம்பணு ஆவதில்லை. மனிதனோ காலையில் வயலில் நின்று, மாலையில் நூலகத்தில் அமர்ந்து, பின்னர் நீதிமன்றத்தில் வாதாட வல்லவன். உடம்பை உவமை காட்டி மனிதனை ஒரு தொழிலில் அடைப்பது முதற்பிழை. அவ்வுடம்பில் உயர்பிறப்பும் இழிபிறப்பும் உண்டு என்பது இரண்டாம் பிழை. எல்லா அணுவிலும் முழு ஏடு இருக்கிறது. எல்லாம் ஓரணுவின் பிள்ளைகள். கால் நொந்தால் அச்செய்தி தலையை எட்டியே தீர வேண்டும். எட்டாத உடம்பை நாம் உயர்ந்த உடம்பு என்று சொல்வதில்லை. நோயுற்ற உடம்பு என்றே சொல்கிறோம்.

நம் கல்விச் சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருவது, மூடிக் கிடந்த பக்கங்களைத் திறக்கும் பணியே. பிள்ளைகளுக்கு அறிவை நாம் புதிதாக எழுதித் தரவில்லை. அது அவர்களிடமே எழுதப்பட்டிருந்தது. இடத்தையும் உணவையும் நூலையும் நல்ல சொல்லையும் உரிய வேளையில் தருவதே நம் கடமை. அப்பணியில் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் இளைஞர்களாகிய உங்களுடையவை. பொன்விழா மேடையில் உங்களுள் ஒருவர் நரம்பியல் மருத்துவராக நின்று, இதே பொருளை நம்மினும் நன்றாக எடுத்துரைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.